பத்து பத்தில் நின்ற கழகம்

இந்தக் காலத்து ஆட்களிடம் மணி என்ன என்று கேட்டால் ஒருவனும் மணியைச் சொல்வதில்லை. கையில் கடிகாரம் கட்டியிருப்பான், அதைப் பார்க்க மாட்டான். சட்டைப்பையிலிருந்து போனை எடுப்பான், அதில் வேறு எதையோ பார்த்துத் தனக்குள் சிரிப்பான், மறுபடி பையில் போட்டுக்கொள்வான். "மணி என்னப்பா?" என்று இரண்டாம் முறை கேட்டால், ஏதோ அவன் வீட்டை எழுதிக் கொடுக்கக் கேட்டதுபோல முறைப்பான். வேலை இல்லாதவனெல்லாம் ஓடுகிறான். ஓட வேண்டியவன் நடுத்தெருவில் நின்று தன் மூஞ்சியைத் தானே படம் பிடிக்கிறான். சூளைக்காரருக்கு இது பல வருடத்து எரிச்சல்.

எனாமல் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் சூளை வாசலில் நின்றவர் அவர். தொழிற்சாலையை மூடிப் பன்னிரண்டு வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. கை கழுவும் பேசின், வீட்டு எண் தகடு, ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அடியில் வைக்கும் தட்டு, இவைதான் அவர் சுட்டெடுத்த சரக்கு. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. யாரையும் நம்பமாட்டார். பேருந்தில் நடத்துனர் இறங்கும் இடத்தைச் சொன்னால் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒருமுறை கேட்பார், எதிரில் இருப்பவரிடம் ஒருமுறை கேட்பார். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னால், பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று முடிவு கட்டுவார்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சிக்கல் வந்தது.

மகள் தூர தேசத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். எட்டு மாதமாக அப்பாவோடு பேச்சில்லை. காரணம், அப்பா எப்போது போன் செய்தாலும் அங்கே நடுச்சாமம். இரட்டை ஷிப்ட் முடித்துப் படுத்தவளை எழுப்பி, ஐந்து வருடத்துக்கு முன்னால் அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன நீல வாளிக்கு கேரண்டி உண்டா என்று கேட்டார். மறுநாள் அதே நேரத்துக்குக் கூப்பிட்டு, கேரண்டிச் சீட்டை எங்கே வைத்தாய் என்று கேட்டார். மூன்றாம் நாள் கூப்பிட்டு, சீட்டு கிடைத்துவிட்டது என்று சொன்னார். அதோடு அவள் அவர் நம்பரை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

இப்போது மாப்பிள்ளை நடுவில் நின்று ஒரு வழி பண்ணியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் ஊர் மணிக்குக் காலை ஏழு. அவள் ஆறு ஐம்பதுக்கு ஷிப்ட் முடித்து வந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருவாள், பத்து நிமிடம் காத்திருப்பாள். 'அப்பா இந்த ஒரு தடவை மணி பாத்துக் கூப்பிடட்டும். அதுகூட முடியலன்னா என் மேல அவருக்கு இருக்கிற அக்கறை அவ்வளவுதான்னு நினைச்சுக்கிறேன்' என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

மனைவியிடம் கேட்டார். மகள் வாரம் தவறாமல் அம்மாவிடம் பேசிக்கொண்டுதான் இருந்தாள். "எனக்கென்ன தெரியும்? அவ கூப்பிடுவா, நான் எடுப்பேன். உங்கள மாதிரி நான் அவளை எழுப்பி வாளிக் கணக்கையா கேக்குறேன்?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் துணி மடிக்கப் போய்விட்டார்.

மருந்துக்கடைப் பெண்ணிடம் கேட்டார். அவள் போனைத் தட்டிப் பார்த்து, நாம் அவர்களைவிட ஒன்பது மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அங்கே காலை ஏழு என்றால் இங்கே மாலை நாலு என்றாள். சூளைக்காரருக்கு ஞாபகசக்தி அதிகம்.

"ரெண்டு மாசம் முன்னாடி பத்து மணி நேரம்னு சொன்ன."

"இப்ப அங்க மணியை மாத்திட்டாங்க ஐயா. வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்துவாங்க."

"யாரு?"

"கவர்மெண்டு."

அவர் அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. உண்மையில் அவள் தும்மலை அடக்கிக்கொண்டிருந்தாள். மணியை எவனாவது மாற்றுவானா? சூரியனைப் பிடித்து ஒரு முழம் தள்ளி வைப்பானா? நேரே தையற்காரரிடம் போனார். தையற்காரர் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்து மணி நேரம் என்றார். அப்படியானால் ஐந்து மணிக்குக் கூப்பிட வேண்டும். நாலா, ஐந்தா? தப்பினால் மகள் போய்விடுவாள்.

அப்போதுதான் மச்சானின் கடிகாரம் நினைவுக்கு வந்தது.

மனைவியின் அண்ணன் கப்பலில் சமையற்காரராக இருந்தவர். அவர் இறந்தபோது ஒரு தகரப்பெட்டியும் அதற்குள் ஒரு கைக்கடிகாரமும் வந்து சேர்ந்தன. சாப்பாட்டில் சொக்கிப்போன ஒரு பயணி தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்தது என்று மச்சான் சொல்வார். சூளைக்காரர் அதை ஒருநாளும் நம்பியதில்லை. "எங்க அண்ணன் திருடல" என்று மனைவி சொல்லும்போது மட்டும், நான் அப்படிச் சொன்னேனா என்பார்.

அதன் முகத்தில் உலக வரைபடம் இருந்தது. தங்கக் கம்பியை மயிரிழையாக வளைத்துக் கண்டங்களுக்குக் கரை கட்டி, கரைக்குள் பச்சைப் பொடியும் வெளியே நீலப் பொடியும் நிரப்பிச் சுட்ட எனாமல். சுற்றிலும் இருபத்துநாலு ஊர்ப் பெயர்கள் கொண்ட ஒரு வளையம், அதற்குள் இருபத்துநாலு மணிக்கும் எண்கள். சூளைக்காரருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. ஆனால் வீட்டு எண் தகட்டுக்கு அச்சு வெட்டியவருக்கு வடிவம் போதும். மகள் அனுப்பும் பார்சல் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். மகளின் ஊர் வளையத்தில் இருந்தது. பொத்தானை ஒருமுறை அழுத்தினால் வளையம் ஒரு ஊர் நகரும். நம் ஊர் உச்சிக்கு வந்தால் எல்லா ஊர்களும் அதனதன் மணியில் வந்து நிற்கும். ஏழு முறை அழுத்த வேண்டும். சாவி கொடுத்தால் கடிகாரம் ஓடியது. பொத்தான்தான் இறங்கவில்லை.

கடிகார ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனார். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு பார்த்தார், கடிகாரத்தைத் துணியில் வைத்தார், எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

"பொத்தான் குழியில ஏதோ அடைச்சிருக்கு ஐயா. ஊசியால ஒரு குத்து, ரெண்டு நிமிஷ வேலை. ஆனா நான் செய்ய மாட்டேன்."

கேட்டால், இந்த ரகக் கடிகாரங்களுக்கென்றே ஒரு கழகம் இருக்கிறதாம், அதன் முத்திரை இல்லாமல் தொட்ட கடைக்கு ஒரு திருகாணிகூடக் கிடைக்காமல் செய்துவிடுவார்களாம். நீங்களும் ஊசி போடாதீர்கள், கை தவறி எனாமல் தெறித்தால் போச்சு என்றார். அது சூளைக்காரருக்கும் தெரியும். தெறித்த எனாமலை ஒட்ட வைத்தவன் எவனும் கிடையாது. தன் தடித்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை கழகத்துக்குப் புறப்பட்டார்.

'உலக நேரக் கைக்கடிகார மாண்புக் கழகம்' ஒரு பெரிய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. வாசலில் ஒரு காவலாளி, ஒரு மேசை, ஒரு பதிவேடு. காவலாளியின் கையில் பிளாஸ்டிக் கடிகாரம். வார் அறுந்துபோய் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார். பதிவேட்டில் பெயர் எழுதக் குனிந்த சூளைக்காரர் மேலே உள்ள வரிகளைப் பார்த்தார். வந்தவர் எல்லோரும் பத்து பத்துக்கு வந்திருந்தார்கள். எல்லோரும் பத்து பத்துக்கே திரும்பிப் போயிருந்தார்கள். முந்தின பக்கமும் அப்படியே.

"என்ன தம்பி இது?"

காவலாளி குரலைத் தாழ்த்திச் சொன்னார். உறுப்பினரின் கைக்கடிகாரம் காட்டும் நேரத்தைத்தான் பதிய வேண்டும் என்பது விதி. உறுப்பினர்களின் கடிகாரம் எதுவும் ஓடாது. ஓடினால் தேய்ந்துவிடும். முள் இரண்டும் எனாமல் படத்தை மறைக்காமல் நிற்பது பத்து பத்தில்தான், அதனால் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

"அப்ப கூட்டம் எத்தனை மணிக்குன்னு எப்படித் தெரியும்?"

"நான் போய் விரலைக் காட்டுவேன்" என்றார் காவலாளி.

உள்ளே செருப்பைக் கழற்றச் சொல்லிக் கம்பளிச் செருப்பு கொடுத்தார்கள், வெள்ளைக் கையுறை கொடுத்தார்கள், சத்தமாக மூச்சு விட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கூடத்துச் சுவரில் இருபத்துநாலு நாடுகளுக்கு இருபத்துநாலு கடிகாரங்கள் தொங்கின. உலகம் முழுக்கப் பத்து பத்து.

செயலாளர் மெலிந்த மனிதர். மச்சானின் கடிகாரத்தைப் பார்த்ததும் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு படிவத்தை எடுத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். யாருடையது, எப்படி வந்தது, எந்தத் துணியில் சுற்றி வைத்திருந்தீர்கள். மனைவியின் பழைய ஜாக்கெட் துணி என்றார் சூளைக்காரர். 'பருத்தி, பாரம்பரியம்' என்று செயலாளர் எழுதிக்கொண்டார். பதினாலாவது கேள்வி வந்தது.

"இதுவரைக்கும் இதுல எத்தனை தடவை மணி பாத்திருக்கீங்க?"

"நாலு நாளா தினம் சாவி கொடுத்துப் பாக்குறேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை இருக்கும்."

செயலாளர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"ஐயா, நீங்க வெளிப்படையா ஒத்துக்கிட்டதால மன்னிப்புக் குழுவுக்கு அனுப்புறேன். ஆனா தயவுசெஞ்சு தலைவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. அவருக்கு இதயம் பலவீனம்."

சூளைக்காரர் தன் தேவையைச் சொன்னார். பொத்தானைச் சரி செய்து, ஏழு தடவை அழுத்தி, மகள் ஊரில் ஏழு மணி ஆகும்போது இங்கே என்ன மணி என்று பார்த்துச் சொன்னால் போதும். செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஒரு கேள்விதான் அவருக்குப் புரியவில்லை என்றார். கடிகாரத்தில் எதற்காக மணி பார்க்க வேண்டும்?

வியாழக்கிழமை ஆய்வுக் குழு கூடியது. காவலாளி கதவருகே வந்து மூன்று விரலைக் காட்டினார், கூட்டம் பத்து பத்துக்குத் தொடங்கியதாகக் குறிப்பில் எழுதப்பட்டது. தலைவர் பெரிய உடம்பு, சின்னக் குரல். அவரிடம் இத்தகைய கடிகாரங்கள் பதினொன்று இருந்தன. எங்கே என்று சூளைக்காரர் கேட்டதற்கு, வங்கிப் பெட்டகத்தில் என்றார். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பாராம்.

"மணியா?"

"மணி பாக்குறதுக்கு வீட்டுல ஆள் வெச்சிருக்கேன்" என்றார் தலைவர்.

பிறகு எழுந்து எனாமலைப் பற்றி உரையாற்றினார். ஆயிரத்து இருநூறு டிகிரி நெருப்பு, ஒற்றை முடித் தூரிகை, நாலு மாதத் தவம், கலைஞனின் மூச்சுக்காற்றே கடலாக உறைந்த அற்புதம் என்று போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருடம் அந்த வெக்கையில் நின்றவருக்கு எனாமல் என்றால் கைகூப்பத் தோன்றாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் கணக்குத் தப்பினால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"எண்ணூறு" என்றார்.

"என்ன எண்ணூறு?"

"எண்ணூறு டிகிரி. ஆயிரத்து இருநூறுல வெச்சா கஞ்சி மாதிரி ஓடிடும். நாங்க ஆஸ்பத்திரித் தட்டே எண்ணூறுலதான் சுடுவோம்."

அறையில் ஒரு சங்கடம் பரவியது. ஆஸ்பத்திரித் தட்டு என்றால் எது என்று ஒரு உறுப்பினர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னார். கேட்டவர் கையுறையைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டிக்கொண்டார். செயலாளர் மட்டும் சமாளித்து, 'உறுப்பினரல்லாதவர் மருத்துவத் துறை எனாமலில் நீண்ட அனுபவம் உடையவர்' என்று குறிப்பில் எழுதினார்.

அப்போதுதான் பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த தலைவர் ஒரு சத்தம் போட்டார். கடலின் நடுவில், எந்த நிலமும் இருக்கக்கூடாத இடத்தில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கரும்புள்ளி.

"தீவு" என்றார் தலைவர்.

ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத தீவு. கலைஞன் யாருக்கும் தெரியாமல் மறைத்து வைத்த தீவு. ஒருவர் அதில் மலை தெரிகிறது என்றார். இன்னொருவர் துறைமுகமும் தெரிகிறது என்றார். கடைசியாகப் பூதக்கண்ணாடி சூளைக்காரரிடம் வந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை. முப்பத்தொரு வருடமாகத் தினம் திட்டு வாங்கித் தந்த புள்ளி அது.

"இது சூளைக் கூரைத் தூசி" என்றார். "கூரை பழசாச்சுன்னா உதிரும். பூச்சு இளகி இருக்கும்போது விழுந்துச்சுன்னா அப்படியே ஒட்டிக்கும். எங்க பேக்டரில இதுக்கு ரெண்டாம் தரம்னு பேரு. வாசல்ல கூடையில போட்டுப் பாதி விலைக்குத் தள்ளிடுவாங்க."

தலைவர் அவரைக் கனிவோடு பார்த்தார். சாதாரண மக்கள் உயர்ந்த விஷயங்களைத் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும், அது அவர்கள் குற்றமல்ல என்று உறுப்பினர்களிடம் விளக்கினார். அன்று மாலைக்குள் தீவுக்கு ஒரு துணைக் குழு அமைத்தார்கள். அந்தத் தீவில் இப்போது மணி என்ன என்பதை அது முடிவு செய்ய வேண்டும். இரண்டு கட்சிகள் உருவாயின. கிழக்குக் கட்சி, தீவில் விடிந்துவிட்டது என்றது. மேற்குக் கட்சி, இன்னும் இல்லை என்றது. வெள்ளிக்கிழமை கூடிப் பேசினார்கள், சனிக்கிழமையும் பேசினார்கள். அதுவரை பேசிக்கொண்டிருந்த இரண்டு நண்பர்கள் விடியலின் பொருட்டுப் பேச்சை நிறுத்தினார்கள்.

பொத்தான் குழியில் அடைத்திருந்த பழுப்புப் பொருளையும் ஆராய்ந்தார்கள். 'காலத்தின் படிவு' என்று பெயர் வைத்து, அதை அகற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். சூளைக்காரர் முகர்ந்து பார்த்தார். மச்சானின் வேலை அவருக்குத் தெரியும்.

"மாவு. அவரு மாவு பிசையும்போதும் இதைக் கழட்ட மாட்டாரு" என்றார்.

கடிகாரத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். தீவின் நேரம் தெரியாத நிலையில் அது ஓடுவது உலகத்தையே தவறாக வழிநடத்தும் என்று காரணம் சொன்னார்கள். கடிகாரத்தைக் கழகத்துக்கே கொடுத்துவிட்டால் ஆயுள் உறுப்பினர் பதவி தருவதாகவும், சுவரில் படம் மாட்டுவதாகவும் செயலாளர் சொன்னார். சூளைக்காரர் மகள் விஷயத்தை ஆறாவது முறையாகச் சொன்னார். கடைசியில் தலைவரின் மனம் இளகியது. ஞாயிறு மாலை சிறப்புக் கூட்டம், அதில் பொத்தானை அழுத்த அனுமதி என்றார். ஒரே ஒரு அழுத்தம்.

"ஏழு வேணும்."

"ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தனித் தீர்மானம் வேணும் ஐயா. முப்பது நாள் முன்னறிவிப்பு. மீதி ஆறையும் இந்த வருஷத்துக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் செயலாளர். உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மனைவி சட்டைப்பையில் போனை வைத்து, ஒன்றாம் எண்ணை அமுக்கிப் பிடித்தால் மகளுக்குப் போகும் என்று நாலு தடவை சொல்லியனுப்பினார். வாசல்படி வரை வந்து, "வாளி பேச்சை எடுக்காதீங்க" என்றார்.

கழகத்து வாசலில் காவலாளியிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தார். காவலாளியின் அக்கா அதே தேசத்தில், வேறு ஊரில் இருந்தாள். ஒன்பது மணி நேரம்தான், போன மாதம்தான் அங்கே மணியை மாற்றினார்கள் என்றார் காவலாளி. சூளைக்காரருக்கு உடனே சந்தேகம் வந்தது. மருந்துக்கடைப் பெண்ணும் இவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரிந்திருக்குமோ?

"மருந்துக்கடைப் பொண்ணைத் தெரியுமா உனக்கு?"

"எந்த மருந்துக்கடை?"

தெரிந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனாலும் ஒரு யோசனை செய்து வைத்துக்கொண்டார். நாலு மணியையும் நம்பப் போவதில்லை, ஐந்து மணியையும் நம்பப் போவதில்லை. நாலுக்கும் ஒரு தடவை கூப்பிடுவது, ஐந்துக்கும் ஒரு தடவை கூப்பிடுவது. நாலுக்குத் தப்பாகக் கூப்பிட்டால் அவள் இன்னும் வேலையில் இருப்பாள், போன் பூட்டிய அலமாரியில் கிடக்கும், எழுப்பிய பாவம் வராது.

"தம்பி, உன் கடிகாரத்துல நாலு ஆனதும் எனக்கு விரலைக் காட்டு" என்றார்.

கூட்டம் பத்து பத்துக்குத் தொடங்கியது. அப்போது மூன்று மணி. சூளைக்காரரை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் கண்ணாடிப் பெட்டி, பக்கத்தில் ஒரு வெல்வெட் தலையணை, தலையணையின் மேல் தலைவரின் வலது கைக் கட்டைவிரல். கழகத்தின் பிரத்யேக எண்ணெயில் ஊறி, வெயிலோ காற்றோ படாமல், அந்த விரல் காலையிலிருந்து அங்கேயே ஓய்வெடுத்துக்கொண்டிருப்பதாகச் செயலாளர் அறிவித்தார். கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள் என்பதால் சத்தம் வரவில்லை.

செயலாளர் வரவேற்றார். கிழக்குக் கட்சி சார்பில் ஒருவரும் மேற்குக் கட்சி சார்பில் ஒருவரும் பேசினார்கள். பொத்தானை அழுத்தும் உரிமையின் வரலாறு பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். பிறகு தலைவர் இருந்த இடத்திலிருந்தே, விரலை அசைக்காமல், பேச ஆரம்பித்தார்.

"நண்பர்களே, வெளியே இருக்கிறவங்க நேரத்துக்குப் பின்னால ஓடுறாங்க. நாம நேரத்தை நிறுத்தி வெச்சவங்க. என் தாத்தா காலத்துல இருந்து எங்க வீட்டுல யாரும் எதுக்கும் சரியான நேரத்துக்குப் போனது கிடையாது. என் சொந்தக் கல்யாணத்துக்கு நான் மறுநாள்தான் போனேன். இருந்தும் என்ன குறைஞ்சது? எல்லாரும் காத்திருந்தாங்க. காத்திருக்கிற ஆட்கள் இருக்கிற வரைக்கும் நமக்குக் கடிகாரம் ஓட வேண்டிய அவசியமே இல்ல. இதைத்தான் நான் உலக நேரம்னு சொல்றேன்."

சூளைக்காரர் தலைவரைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே காவலாளி வந்து நின்றார். நாலு விரலை உயர்த்தினார்.

தலைவர் அது தனக்கு என்று நினைத்து, இன்னும் நாலு நிமிடத்தில் முடித்துவிடுவதாகச் சொன்னார். சூளைக்காரர் எழுந்தார். கையுறையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். அத்தனை பேர் நடுவில் நின்றபடியே போனை எடுத்து ஒன்றாம் எண்ணை அமுக்கிப் பிடித்துக் காதில் வைத்தார். ஒரு மணி அடித்தது. இரண்டு மணி அடித்தது.

"அப்பா?"

"ம். நான்தான்."

"மணி ஏழுப்பா. சரியா ஏழு" என்றாள்.

"நெசமாவா? சுவர்க் கடிகாரத்தையும் ஒரு தடவை பாத்துச் சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். எட்டு மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்கிறார். அவர் காதோடு போனை அழுத்திக்கொண்டார்.

"அதுலயும் ஏழுதாம்பா."

"யாரோ மாத்திட்டாங்கன்னு சொன்னாங்களே."

"ஆமாம்பா, போன மாசம் கவர்மெண்டு மாத்திச்சு. இலையுதிர் காலத்துல திரும்ப மாத்துவாங்க."

"உன்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வெச்சிருக்காங்களா" என்றார். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். இனிமேல்தான் என்றாள். முதுகு வலி எப்படி என்றாள். இருக்கிறது என்றார்.

"அந்த நீல வாளி ஒடஞ்சிடுச்சா?" என்று அவளே கேட்டாள்.

"இன்னும் இல்ல. நல்ல வாளி" என்றார் அவர். "நல்ல வாளிம்மா அது."

அடுத்த ஞாயிறும் இதே மணிக்குக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் வைத்தாள். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கூடம் முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஊரில் இப்போது மணி ஏழு என்று சொன்னார்.

செயலாளர் அவசரமாக டயல் அட்டவணையை விரித்தார், காவலாளியைக் கூப்பிட்டு இங்கே என்ன மணி என்று கேட்டார், விரலால் கோடு போட்டுப் பார்த்தார்.

"இருக்க முடியாது. டயல் பிரகாரம் அங்க ஆறுதான்."

"என் மக ஏழுங்கறா."

"உங்க மக எந்த அதிகாரத்துல சொல்றாங்க?"

"அந்த ஊர்ல இருக்குற அதிகாரத்துல."

கவர்மெண்டு மணியை மாற்றிய சங்கதியைக் காவலாளி கதவருகிலிருந்து சொன்னார். கூடத்தில் சலசலப்பு. வருடத்தில் பாதி நாள் தங்கள் கடிகாரங்கள் அந்த ஊருக்குத் தப்பான மணியைக் காட்டக்கூடியவை என்பது அதுவரை எந்த உறுப்பினருக்கும் தெரியாது. ஓடாத கடிகாரத்தில் அது தெரிய வழியும் இல்லை. தலைவர் கண்ணை மூடிச் சிந்தித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"டயல் கையால செஞ்சது. நாலு மாசத் தவம். அது தப்பா இருக்க முடியாது. அந்த ஊர்தான் தப்பா இருக்கு."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கிழக்குக் கட்சியும் மேற்குக் கட்சியும் முதன்முறையாக ஒன்று சேர்ந்து கை தூக்கின. அந்த ஊர் தன் பிழையைத் திருத்திக்கொள்ளும்வரை கழகம் அதை ஒரு ஊராக அங்கீகரிக்காது, திருத்திக்கொள்ளும்படி அந்தத் தேசத்து அரசாங்கத்துக்குக் கண்டனக் கடிதம் போகும், முப்பது நாள் அவகாசம்.

சூளைக்காரர் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. மகள் சொன்னதும் அவருக்கு முழுசாக நம்பிக்கையில்லை. பெண் நல்ல பெண், ஆனால் அவளை எவனாவது ஏமாற்றியிருக்கலாம். மேடையேறிக் கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். பூட்டு வெறும் அலங்காரப் பூட்டு. சட்டைக்குள் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினார். எனாமல் பக்கம் போகாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொத்தான் குழியில் மெல்ல ஒரு குத்து. காலத்தின் படிவு ஒரு சின்ன மாவு உருண்டையாக வெளியே வந்து வெல்வெட் தலையணையில் விழுந்தது.

சாவி கொடுத்தார். காவலாளியின் பிளாஸ்டிக் கடிகாரத்தைப் பார்த்து முள்ளை நாலேகாலில் வைத்தார். பிறகு அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதிலேயே ஒரு உறுப்பினர் தண்ணீர் கேட்டார். ஏழாவது அழுத்தத்தில் இந்த ஊர் உச்சிக்கு வந்தது. உலகம் ஓட ஆரம்பித்தது. மகள் ஊரின் எதிரே ஆறேகால்.

"இது ஆறேகால்ங்குது. அவ ஏழேகால்ங்கறா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டையும் நம்பவில்லை.

கடிகாரத்தைப் பழைய ஜாக்கெட் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். தீவு இருக்கிறதே, உலகத்திலேயே ஒரே தீவு, அதை இப்படிப் பையில் போட்டுக்கொண்டு போகலாமா என்று கெஞ்சினார்.

"வேணும்னா உங்க கூரையை ஒரு தட்டுத் தட்டுங்க. நெறைய தீவு விழும்" என்றார் சூளைக்காரர்.

செயலாளர் அங்கேயே நின்று அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

வாசலில் பதிவேடு இருந்தது. வெளியே போகும் நேரத்தை எழுதாமல் போகக்கூடாது. உறுப்பினரின் கடிகார நேரம்தான் எழுத வேண்டும். சூளைக்காரர் பேனாவை வாங்கிப் பத்து பத்து என்று எழுதிவிட்டுக் கம்பளிச் செருப்பைக் கழற்றித் தன் செருப்பை மாட்டிக்கொண்டார்.

காவலாளி படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இலையுதிர் காலத்துல ஒரு மணி நேரம் திரும்ப மாத்திடுவாங்க. அப்ப அஞ்சு மணிக்குக் கூப்பிடணும். மறந்துடாதீங்க."

சூளைக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை.

"மாத்தட்டும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மாத்தச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். தெருவுக்கு வந்ததும் எதிரே வந்த ஒரு ஆளை நிறுத்தி மணி கேட்டார். அந்த ஆள் போனை எடுத்துப் பார்த்துச் சிரித்தான், திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். சூளைக்காரர் அடுத்த ஆளிடம் கேட்க நடந்தார்.